நாலு சில்லும் இழுத்து எங்க போக?

2025 மொடல் ஹைபிரிட் மவெரிக் பிக்கப்புக்கு, மேலதிகக் காசுக்கு நாலு சில்லும் இழுக்கிற வசதியை போர்ட் நிறுவனம் தந்தது. 'இனித்தான் அது வாகனம்' என்று எங்களுக்குள்ளேயே சிலர் துள்ளுகிறார்கள். அதே ஆண்டில் இங்கேயும் வாகன இறக்குமதி திறபட்டதால் ஆசை இன்னும் கூடிப்போச்சு.

பனி கொட்டுற நாட்டில் சரி. அரியாலையில் எந்த மலை ஏறப் போகிறோம்? கிழக்கே கடல்நீரேரிப் பக்கத்து மணலில் மாரிக்குச் சில்லு புதையும்தான், மறுக்கவில்லை. அந்தச் சில நாளுக்காக வருசம் முழுக்க மேலதிகப் பாரம் சுமக்க வேணும். அமெரிக்கக் கணக்கில் நகர ஓட்டம் கலனுக்கு 42 மைலிலிருந்து 40 ஆகிறது. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டி, 2022இல் கியூஆர் காட்டிப் பெற்றோல் அடித்த ஆக்கள் நாங்கள்! வெங்காயம் ஏற்றுகிறவருக்கு மலிவுதான் பிக்கப்பின் பெறுமதி. மிச்சக் காசுக்கு நல்ல ரயர் நாலு போடுங்கோ. புதைஞ்சால் இருக்கவே இருக்கு, பக்கத்து வளவு உழவு மிசின்.