எதிரியின் கம்ப்யூட்டரைத் தாக்க உத்தரவு: யார் போடுவது? எப்போது போடுவது?

ஹட் பே: சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இன்று ஸ்ரீ விஜயபுரம்), லிட்டில் அந்தமான் உள்ளிட்ட வேறு ஏழு இடங்களுக்கும் 2,312 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கடலடி கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த ஹட் பேயில், ஊருக்குப் பணம் அனுப்புவதும் பிள்ளைகளின் பரீட்சை முடிவு பார்ப்பதும் இன்று அந்தக் கம்பியை நம்பித்தான் நடக்கின்றன.

வசதி வந்த வழியே ஆபத்தும் வரலாம். கேபிளை அறுக்க வேண்டியதில்லை. அதை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து கெடுத்தாலே போதும், தீவு தனித்துப் போகும். எதிரி நாடு ஒன்று அப்படிச் செய்தால் இந்தியாவும் பதிலுக்கு அந்நாட்டின் கம்ப்யூட்டர்களைத் தாக்கலாமா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. முப்படைகளுக்கும் பொதுவான சைபர் அமைப்பு நம்மிடம் உள்ளது. சைபர் நடவடிக்கைகளுக்கான முப்படைக் கொள்கை 2024 ஜூனில் வகுக்கப்பட்டு, 2025 ஆகஸ்டில் பொதுமக்கள் பார்வைக்கும் வந்தது.

தாக்கியவர் யார்?

2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்தது தெரியவந்தது. முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30-ம் தேதி அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியாக இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் கூறியது. வைரஸை ஆராய்ந்த தனியார் நிபுணர்கள் வட கொரியாவின் பக்கம் கை காட்டினர்.

அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் மீது பாய முடியுமா? 2018-ல் தென் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக் தொடக்க விழாவைக் குலைத்த வைரஸும் வட கொரியாவின் கைவேலை போலவே ஜோடிக்கப்பட்டிருந்தது. 2020-ல் அமெரிக்கா குற்றம் சாட்டியதோ ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகளை! அவசரப்பட்டுக் கை ஓங்கியிருந்தால் அடி வேறொருவன் தலையில் விழுந்திருக்கும்.

எங்கே போய் நிற்கும்?

2017 ஜூன் 27-ம் தேதி உக்ரைனைக் குறிவைத்து 'நாட்பெட்யா' என்ற வைரஸ் ஏவப்பட்டது. இதுவும் ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் அறிவித்தன. அது உக்ரைனோடு நிற்கவில்லை. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்கியது. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் கம்பெனி நடத்தும் முனையமும் ஸ்தம்பித்தது. எங்கோ நடந்த சண்டைக்கு இங்கே சரக்குகள் தேங்கின.

ஈரானின் அணு எரிபொருள் ஆலையைக் குறிவைத்து, 2010-ல் அம்பலமான 'ஸ்டக்ஸ்நெட்' வைரஸும் இந்தியாவில் ஏராளமான கம்ப்யூட்டர்களில் புகுந்துவிட்டது.

எது நியாயம்?

"அடி வாங்கிக்கொண்டே இருந்தால் எதிரிக்குத் துளிர்விட்டுப் போகும்" என்று சிலர் வாதிடுகின்றனர். அதிலும் உண்மை உண்டு. போர் மூண்டுவிட்ட நிலையில் எதிரியின் ராடாரைக் குண்டு போட்டுத் தகர்ப்பதைவிட, கம்ப்யூட்டர் வழியே குருடாக்குவதில் உயிர்ச்சேதம் குறைவு. எனவே இந்த ஆயுதமே கூடாது என்பதற்கில்லை. வரம்பு வேண்டும் என்பதே கேள்வி.

ஆயுதத் தாக்குதலுக்கு ஈடான சேதம் நேர்ந்திருக்க வேண்டும். செய்தது யார் என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்க வேண்டும். ஏவப்படுவது குறிவைத்த இடத்தைத் தாண்டாது என்ற உறுதி வேண்டும். ஆஸ்பத்திரி, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. 2015 டிசம்பரில் உக்ரைனின் மின் நிலையங்கள் தாக்கப்பட்டபோது, குளிரில் இருட்டில் கிடந்தவை சுமார் 2,25,000 வீடுகளும் கடைகளும்தான்.

உத்தரவு போடுவது யார் என்பதும் முக்கியம். அணு ஆயுதத்தைப் பிரயோகிக்கும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கு மட்டுமே உண்டு என்று 2003 ஜனவரியில் மத்திய அரசு பகிரங்கமாக அறிவித்தது. சைபர் தாக்குதலுக்கும் அதே போன்ற தெளிவு தேவை. கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் அதிகாரியின் விருப்பத்துக்கு விடக்கூடிய விஷயமல்ல இது. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே கையெழுத்திட வேண்டும். ஏனெனில், எதிரி திருப்பி அடிக்கும்போது முதலில் துண்டிக்கப்படுவது டெல்லியாக இராது. ஒரே கம்பியை நம்பியிருக்கும் ஹட் பே போன்ற ஊர்களாகவே இருக்கும்.