அடி வாங்கினவர் பேர் என்ன?

கோட்டக்குப்பத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக எனக்கு வாடிக்கையான டீக்கடை ஒன்று உண்டு. புதுசாக யார் வந்து உட்கார்ந்தாலும் கடைக்காரர் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வார்: ‘‘சாரைத் தெரியலியா? லாரி சிக்ஸ் குடுத்தாரே, அவருதான்!’’

குடுத்தது வாஸ்தவம். ரப்பர் பந்து மேட்ச், பந்தயம் டீம் முழுசுக்கும் பரோட்டா. கடைசி பாலில் அவர்களுக்கு அஞ்சு ரன் வேண்டும். யார்க்கர் போடுகிறேன் பேர்வழி என்று அழகாக ஒரு ஃபுல்டாஸ் போட்டேன். எதிர் டீமில் ஆடிய கொத்தனார் தம்பி கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். பந்து தென்னை மரங்களைத் தாண்டி, மரக்காணத்திலிருந்து வந்த உப்பு லாரியில் விழுந்து, மூட்டையோடு மூட்டையாகப் பாண்டிச்சேரிக்குப் போயே போய்விட்டது. உலகத்திலேயே நீளமான சிக்ஸர் இதுதான் என்பது என் கட்சி. பந்துக்கான காசையும் என்னிடமே வசூல் பண்ணினார்கள்.

அடித்தவனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள் ஸார். போட்டவனுக்கு யார் இருக்கிறார்கள்?

1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசி பாலில் நாலு ரன் வேண்டும். மியான்டட் சிக்ஸர் அடித்தார். போட்டவர் சேத்தன் சர்மா, வயசு 20. அவர் போட்டதும் ஃபுல்டாஸ்தான் (எனக்கு அதில் ஓர் அல்ப சந்தோஷம்). அதே வருஷம் பர்மிங்ஹாம் டெஸ்டில் அவர் 10 விக்கெட் எடுத்தார். 1987-ல் நாக்பூரில் உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக், மூணு பேரும் க்ளீன் போல்டு! எங்கள் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ‘‘யாரு, அந்த ஷார்ஜா சிக்ஸா?’’ என்பார்கள்.

1968-ல் சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தாரே, போட்ட மால்கம் நாஷின் கொடுமையைக் கேளுங்கள். அஞ்சாவது பந்தை ஃபீல்டர் கேட்ச் பிடித்தே விட்டார். பிடித்த கையோடு எல்லைக்கு வெளியே விழுந்து தொலைத்தார். அதுவும் சிக்ஸர்!

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே கதைதான். அங்கே பந்தை வேலிக்கு வெளியே அடித்தால் ‘ஹோம் ரன்’. ஏற்கெனவே மூணு பேஸிலும் ஆள் நிற்கும்போது அடித்தால் ஒரே அடியில் நாலு ரன், அதற்கு ‘கிராண்ட் ஸ்லாம்’ என்று பேர். 1999 ஏப்ரல் 23-ம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஃபெர்னாண்டோ தத்தீஸ் ஒரே இன்னிங்ஸில் இப்படி ரெண்டு அடித்தார். அவருக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, பெரிய லீகில் வேறு யாரும் அடித்ததில்லை. ரெண்டையும் போட்டவர் ஒரே ஆள்தான். கொரியாவிலிருந்து வந்த சான் ஹோ பார்க். மனுஷன் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. மேலும் பதினோரு வருஷம் அங்கேயே ஆடி, 124 வெற்றிகளோடு, ஆசியாவில் பிறந்த எந்த பிட்சரையும்விட அதிகம் ஜெயித்தவராக விடைபெற்றார்.

இன்னொருத்தர், ஹொசே கான்செகோ. 1993-ல் கேட்ச் பிடிக்க ஓடினார். பந்து அவர் மண்டையில் பட்டு எகிறி வேலிக்கு வெளியே விழுந்தது. ஹோம் ரன்! நானாவது காசோடு தப்பித்தேன்.

2018 மார்ச் 18, கொழும்பு. பங்களாதேஷுடன் ஃபைனல். கடைசி பாலில் அஞ்சு ரன்... எங்கள் மேட்ச் கணக்கேதான்! நம்ம மெட்ராஸ் தினேஷ் கார்த்திக் தட்டையாக ஒரு சிக்ஸர் விட்டார். எட்டு பந்தில் 29. வீட்டில் எல்லோரும் குதிக்கிறார்கள். பந்து போட்ட சௌம்யா சர்க்கார், எப்போதாவது பந்து போடுகிற பேட்ஸ்மேன், பிட்சிலேயே குந்திவிட்டார். எனக்குக் கை தட்ட வரவில்லை. அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘‘என்னங்க, இண்டியா ஜெயிச்சிருக்கு, இப்படி உட்கார்ந்திருக்கீங்க?’’ என்றாள் என் மனைவி.

ராத்திரியே துபாயிலிருந்து போன். கொத்தனார் தம்பி.

‘‘அண்ணே, பார்த்தீங்களா? அப்படியே நம்ம மேட்ச்!’’

‘‘பார்த்தேன்பா. ஆனா, அந்தப் பையன்கிட்ட யாரும் பந்துக்குக் காசு கேக்கலியே!’’