தோள் கொடுக்கும் நேரம் எது?

மவுத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்ததும் தெருவே திரண்டுவிடுகிறது. கபர் தோண்டவும், கபன் துணி வாங்கவும், சந்தூக்கைச் சுமக்கவும் எவரையும் வருந்தி அழைக்க வேண்டியதில்லை. இது நம் சமுதாயத்தின் பெருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மனிதர் பல மாதங்கள் பாயோடு பாயாகக் கிடந்தாரே, அப்போது இந்தத் தெரு எங்கே போயிற்று? கேட்டால், "நோய் மருத்துவர் பாடு, மவுத்துத்தான் ஊர் பாடு" என்று விடை வருகிறது. இந்த விடை அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது என்பதே நம் வாதம்.

இந்த விடையைத் தம் வாழ்நாள் ஆய்வால் மறுத்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சமூகவியல் அறிஞர் ஆலன் கெல்லஹியர். மரணம் என்பது ஒரு சமூக நிகழ்ச்சி. மருத்துவம் அதில் ஒரு கூறு மட்டுமே என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. தீராத நோயாளி ஒருவர் மருத்துவரோடும் செவிலியரோடும் கழிக்கும் நேரம் நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். எஞ்சிய தொண்ணூற்றைந்து பங்கும் குடும்பத்தாரோடும், நண்பரோடும், அண்டை வீட்டாரோடும், பெரும்பாலும் தனிமையோடும் கழிகிறது. அந்த ஐந்து பங்குக்கு மருத்துவமனை கட்டினோம். தொண்ணூற்றைந்து பங்குக்கு என்ன கட்டினோம்?

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறக்கும் மனிதனின் வலியைத் தணிப்பதும் மருத்துவத்தின் கடமையே என்று உலகுக்கு உணர்த்தினார். அந்தத் தொண்டை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் காலப்போக்கில் அந்தப் பணி ஒரு கட்டடத்துக்குள், ஒரு தொழிலுக்குள் ஒடுங்கலாயிற்று. நலவாழ்வு மருத்துவர் கையில் மட்டும் இல்லை. வீடு, பள்ளி, வேலைத்தலம், ஊர் ஆகிய அனைத்தின் கையிலும் இருக்கிறது என்று 1986இல் ஒட்டாவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு சாசனம் செய்தது. அப்படியானால் மரணத்தின் வாசலில் மட்டும் அந்தச் சாசனம் ஏன் நின்றுவிட வேண்டும் என்று கெல்லஹியர் கேட்டார். 2005இல் வெளிவந்த ‘பரிவுள்ள நகரங்கள்’ என்னும் பொருள்படும் அவருடைய நூல் அந்தக் கேள்வியின் விரிவே. நோயும் முதுமையும் இழப்பும் ஊரார் அனைவரின் பொறுப்பு. பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் வழிபாட்டுத் தலமும் நகராட்சியும் அதற்கென முறையான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த வழி.

"இதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரர் வரவேண்டுமா? நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கத்தில் கடமையல்லவா?" என்று சிலர் சீறுவார்கள். கடமைதான். மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்கள் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாமும் அறிவோம். துயருற்ற வீட்டுக்கு ஊர் சோறு கொண்டு செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். நாம் செய்வது என்ன? மூன்றாம் நாள் என்றும் நாற்பதாம் நாள் என்றும் பல ஊர்களில் துயருற்ற வீடல்லவா ஊருக்குச் சோறு போடுகிறது! கடன் வாங்கியாவது போடுகிறது! ஏட்டில் இருக்கும் பெருமையைக் காட்டி, நடப்பில் இருக்கும் குறையை மூடுவது நேர்மையாகாது.

வெள்ளைக்காரர் வேண்டாம் என்போர் அண்டை வீட்டையாவது பார்க்கட்டும். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் தோழர்களுடன் நோய்த்தணிப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். மருந்து மட்டும் போதவில்லை. மருத்துவமனைக்கு வரவே இயலாத நோயாளிகள் இருந்தார்கள். வந்தவர் வீட்டிலோ அடுப்பு எரியவில்லை. பிள்ளைகளின் படிப்பு நின்றது. ஆகவே ஊர் மக்களையே அழைத்தார்கள். மாப்பிள்ளை முஸ்லிம்கள் நிறைந்த மலப்புறம் மாவட்டத்தில் அண்டையார் கூட்டமைப்பு வேரூன்றியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர் எவராயினும் பயிற்சி பெற்றார்கள். கடைக்காரர்களும் தொழிலாளரும் மாணவர்களும் சிறுகச் சிறுகக் காசு சேர்த்தார்கள். கேரள அரசு 2008இல் இதற்கெனத் தனிக் கொள்கை அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. மரணத்தின் மதிப்பைப் பற்றி ஆராய்ந்த லான்செட் மருத்துவ இதழின் குழு 2022இல் அளித்த அறிக்கையும் கேரளத்தையே முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது. ‘பரிவுள்ள நகரங்கள்’ அச்சேறுவதற்கு முன்பே அந்த நூலின் கருத்து நம் எல்லைக்கு அப்பால் நடைமுறையாகிவிட்டது!

இன்னொரு மறுப்பு உண்டு, அது கனமானது. "ஊர் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால் அரசு கைகழுவிவிடாதா?" என்பது அது. இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அன்பான பேச்சு புற்றுநோயின் வலியை அடக்காது, மார்ஃபின் அடக்கும். 1985இல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடித்தவருக்கு அந்த மருந்து எட்டாக்கனியாயிற்று. அந்தச் சட்டம் திருத்தப்பட 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. மருந்தும் செவிலியரும் அரசின் கடன். அதை எந்தத் தொண்டரும் ஈடுசெய்ய முடியாது. கெல்லஹியர் கோருவதும் மருத்துவத்துக்கு மாற்று அன்று. மருத்துவத்தோடு ஊரின் கூட்டு. அரசு தன் ஐந்து பங்கைச் செய்யவில்லை என்பது, நாம் நம் தொண்ணூற்றைந்து பங்கைக் கைவிடுவதற்குக் காரணமாகுமா?

"எங்கள் வீட்டில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பாரும் உண்டு. அந்த ‘நாங்கள்’ யார்? மலசலம் எடுப்பவர் யார்? இரவெல்லாம் விழித்திருப்பவர் யார்? மனைவி, மகள், மருமகள்! ஆண்கள் வாசலில் அமர்ந்து, வருவோருக்கு நோயின் வரலாறு சொல்கிறார்கள். குடும்பத்தின் கவுரவம் என்று நாம் பாராட்டுவது, பல வீடுகளில் ஒரு பெண்ணின் முதுகெலும்பின் மீது நிற்கிறது. பொறுப்பு அனைவருக்கும் உரியது என்றால், அந்த அனைவரில் ஆண்களும் அடங்குவர்.

மவுத்துக்குப் பின் நடப்பது இதைவிட வருந்தத்தக்கது. கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறார். அவர் முறையாக இருக்கிறாரா என்று விசாரிக்க ஊருக்குத் தெரிகிறது. அவருடைய ரேஷன் அட்டையை மாற்றவும், வங்கிக்கு அலையவும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டவும் ஆள் தேட மட்டும் தெரியவில்லை! துக்கம் நாட்காட்டி பார்த்து முடிவதில்லை. தந்தையை இழந்த பிள்ளை வகுப்பில் மவுனமாக அமர்ந்திருக்கிறது. அதைக் கவனிக்க ஆசிரியருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பள்ளியும் வேலைத்தலமும் இழப்புக்கென ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று கெல்லஹியர் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே ஜமாஅத்துகளை நாம் கேட்பது அதிகமில்லை. மஹல்லாவில் படுக்கையில் கிடப்போரின் பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் தரக்கூடிய ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற வேண்டும். அருகிலுள்ள நோய்த்தணிப்பு மையத்தோடு தொடர்பு வேண்டும். இழப்பு நேர்ந்த வீட்டை ஓராண்டு வரையேனும் விசாரித்துவர ஆள் நியமிக்க வேண்டும். நாற்பதாம் நாள் விருந்துக்கு ஆகும் செலவில் இவை அனைத்தும் நடக்கும். நிதி இல்லை என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது. மனம் இல்லை என்று வேண்டுமானால் சொல்லட்டும்!