வலி தெரியாத சிறுநீரகம்

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் மருத்துவத் தம்பதியர் அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். பக்கத்து ஊர்ச் செய்தி என்பதால் செய்யூரில் அன்று வேறு பேச்சே இல்லை. உறுப்பைக் கொடுப்பது பற்றி அன்றிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். வாங்கிய உறுப்பைக் காப்பது பற்றிப் பேசுவதில்லை.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி கொடுத்த சிறுநீரகத்தில் வாழ்கிறார். அதை அடிவயிற்றில் பொருத்தியிருக்கிறார்கள். பழைய இரண்டும் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கின்றன. "எனக்கு மூணு சார்" என்று சிரிப்பார்.

இரண்டு வருடமாக அவர் பரிசோதனைக்குப் போகவில்லை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு? ஒரு ஸ்கேனுக்காக விடியக்காலையில் பஸ் ஏறி மெட்ராஸ் போகணுமா?" என்பார். போன ஐப்பசியில் கால் வீங்கியது. ரத்தத்தில் கிரியாட்டினின் எகிறியிருந்தது. ஸ்கேன் எடுத்தால், சிறுநீர்க்குழாய் அடைபட்டுச் சிறுநீரகம் வீங்கிக் கிடந்தது. அடைப்பை நீக்கிவிட்டார்கள். ஆனால் பழைய பலம் முழுதும் திரும்பவில்லை. "நான் கொடுத்ததை இவர் கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதாண்ணா?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை.

"கொஞ்சம்கூட வலிக்கலையே!" என்று நண்பர் ஆச்சரியப்பட்டார். பொருத்தும்போது ரத்தக்குழாய்களையும் சிறுநீர்க்குழாயையும் இணைக்கிறார்கள், நரம்புகளை இணைப்பதில்லை. அதனால் உள்ளே அடைத்தாலும் வலி தெரிவதில்லை. ரத்தப் பரிசோதனையில் தெரிவதற்குள் பல நேரம் பாதி சேதம் ஆகிவிடுகிறது.

வயிற்றின் மேலாகவே இருப்பதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அது நன்றாகத் தெரியும். டாப்ளர் முறையில் ரத்த ஓட்டத்தையும் பார்க்கலாம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. உடல் அதை ஏற்க மறுக்கிறதா என்று உறுதி செய்ய மட்டும் துளி சதை எடுத்துத்தான் பார்க்கவேண்டும். பொருத்திய சிறுநீரகத்தில் லேசான வீக்கம் சகஜம் என்பதால், பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் புது வீக்கமா என்பது புரியும். இந்த அளவெடுப்புக்கும் ஒப்பிடுதலுக்கும் இப்போது கணினியையும் பழக்குகிறார்கள்.

என் கருத்து இதுதான். ஸ்கேன் நம் வட்டத்திலேயே எடுக்கப்படட்டும். படம் மட்டும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி நிபுணரிடம் போகட்டும். படம் பயணம் செய்யலாம். நோயாளி ஏன் அலையவேண்டும்?

அதுவரை, உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். வலி இல்லையே என்று தேதியையும் தள்ளிப் போடாதீர்கள்.