அந்த நாளும் என் கோபமும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவன் நான். அப்பா கடையடைத்து வந்தபின் ஒருநாள் டிவியில் பார்த்த படம் 'அந்த நாள்' (1954). எஸ்.பாலசந்தர் இயக்கம். பாட்டே கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார்! சுட்டது யார்? அன்று அந்த சஸ்பென்ஸ்தான் பிடித்தது.

போன வாரம் இங்கே மகளோடு மறுபடி பார்த்தேன். ரேடியோ என்ஜினீயர் ராஜனுக்கு, தன் திறமையை நாடு மதிக்கவில்லையே என்று கோபம். அதனால்தான் ஜப்பானுக்கு உளவாளியாகிறான். விமானம் ஏறும்போது எனக்கும் அதே கோபம் இருந்தது. துரோகம் செய்யவில்லை, அவ்வளவுதான். 'பராசக்தி' வந்து இரண்டே வருஷத்தில் இப்படியொரு வேஷம்! அந்தக் கோபத்தை நம்மையும் நம்ப வைக்கிறார் சிவாஜி.

"அவர் கெட்டவராப்பா?" என்றாள் மகள். சட்டென்று பதில் வரவில்லை.

சுட்டது யாரென்று சொல்லமாட்டேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.