பெயர் இங்கே, பிள்ளை எங்கே?

சாதாரணதரப் பெறுபேறு வந்ததும் சில பெற்றோருக்கு மன்னார், முல்லைத்தீவு, மொனராகலைப் பாடசாலைகள் மீது திடீர்ப் பாசம் வந்துவிடுகிறது. படிப்புக்காக அல்ல, வெட்டுப்புள்ளிக்காக.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்காகத்தான் இந்த ஏற்பாடு.

இப்போது நடப்பது என்ன? பெயர் அங்கே, பிள்ளை கொழும்பிலோ கண்டியிலோ டியூஷன் வகுப்பில். 80 வீத வரவு வேண்டுமே என்றால், அது இடாப்பில் தானாக விழுந்துவிடுகிறது!

"யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கிறார்கள். சிறிய மாவட்டமொன்றுக்கு மருத்துவபீடத்தில் கிடைப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். அதில் ஒன்று போனால், அந்த மண்ணிலேயே படித்த ஒரு பிள்ளை வீட்டில் இருக்கும்.

வேலை மாறி வந்தவர்களின் பிள்ளைகளும் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் வேறு. அவர்கள் எங்கள் வகுப்பில் அமர்ந்து எங்கள் குறைகளையும் சேர்த்தே சுமக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கட்டும்.

மாவட்ட முறையே பிழை என்பவர்கள் அதை மாற்றச் சொல்லிப் பகிரங்கமாகப் பேசுங்கள். பிழை என்று சொல்லிக்கொண்டே அதன் பலனைக் களவாக எடுக்காதீர்கள்.

அதிபர்களே, சக ஆசிரியர்களே, வராத பிள்ளைக்கு வரவு போடுவது உதவி அல்ல, பொய்ச்சாட்சி.

பெற்றோரே, பிள்ளை டாக்டராக வேண்டுமென்று துஆக் கேட்கிறீர்கள். இன்னொரு பிள்ளையின் ஹக்கைப் பறித்துக்கொண்டா?