பிடுங்கும் முன் பெயர் அறிவோம்

களை எடுக்கும் கைக்கு வேகம் வேண்டும். ஆனால், செடியை அடையாளம் காணும் கண்ணுக்கு நிதானம் வேண்டும். இதற்கு அமெரிக்கப் பாலைநிலம் ஒன்று நல்ல பாடம் சொல்கிறது.

கலிபோர்னியாவின் டெத் வேலியில் ஆண்டுக்குச் சராசரியாக 60 மி.மீ. மழைகூடப் பெய்வதில்லை. நல்ல மழைக்குப் பின் வந்த 2005, 2016ஆம் ஆண்டுகளின் வசந்தத்தில் அந்த வறண்ட மண் மஞ்சள் விரிப்பானது. அதில் பெரும்பங்கு, ‘பாலைத் தங்கம்’ என்று அழைக்கப்படும் பாலைவனச் சூரியகாந்திக்கு உரியது. ஜெரேயா கேனசென்ஸ் என்பது தாவரவியல் பெயர். மண்ணில் உறங்கிக் கிடக்கும் விதை, மழை கண்டதும் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, ஒரே பருவத்தில் மடிந்துவிடும். தேனீக்களுக்கு மகரந்தமும், பறவைக்கும் எலிக்கும் விதையும் தரும் மண்ணின் செடி அது.

அதே மணலில் மஞ்சளாகப் பூக்கும் மற்றொன்று சஹாரா கடுகு. இது வெளியிலிருந்து வந்தேறிய களை. முந்திக்கொண்டு முளைத்து, தரையோடு இலை பரப்பி, உள்ளூர்ச் செடிக்குரிய ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆன்சா-பொரெகோ பாலைவனப் பூங்காவில் தன்னார்வலர்கள் இதைக் கையால் பிடுங்கி வருகின்றனர். நிறத்தை மட்டும் நம்பினால், காக்க வேண்டிய செடியே கையோடு வந்துவிடும்.

எப்படிப் பிரித்தறிவது? பூவை உற்றுப் பாருங்கள். கடுகுப் பூவுக்கு நான்கே இதழ்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது, பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. ஓரத்தில் இதழ் போன்றவை, நடுவில் நெருக்கமான பொடிப்பூக்கள். அடுத்து இலையைப் பாருங்கள். பாலைத் தங்கத்தின் இலையில் சாம்பல் நிற ரோமம் இருக்கும். அங்கே வளரும் பிரிட்டில்புஷ் செடிக்கும் பூவும் இலையும் ஏறக்குறைய இப்படித்தான். எனவே அடித்தண்டையும் பாருங்கள். கட்டைபோல் இறுகி, புதராக நின்றால் அது பல்லாண்டுச் செடியான பிரிட்டில்புஷ். மென்தண்டாக இருந்தால் ஒரு பருவச் செடியான பாலைத் தங்கம்.

நம் வரப்பிலும் இதே நிதானம் தேவை. அமெரிக்காவிலிருந்து வந்த பார்த்தீனியமும், மருந்தாகும் கரிசலாங்கண்ணியும் ஒரே சூரியகாந்திக் குடும்பம். இரண்டிலும் வெள்ளைச் சிறு பூக்கள். குடும்பம் ஒன்றானாலும் குணம் வேறு. பார்த்தீனியத்தின் இலை கேரட் இலைபோல் பிளவுபட்டிருக்கும். கரிசலாங்கண்ணியின் இலை பிளவின்றி நீண்டு, எதிரெதிராக அமைந்திருக்கும்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை அணிந்து, வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு நாற்றுப் பருவத்திலேயே அதை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் படம் காட்டுவதோடு நிறுத்தாமல், இளஞ்செடிகளையே கையில் கொடுத்து விளக்க வேண்டும். பெயர் தெரியாத செடி எல்லாம் களை அல்ல. பூ, இலை, தண்டு மூன்றையும் பார்த்த பிறகே கை வையுங்கள்.